பிரஷர்காரருக்கு உப்பு சேத்தி போடச் சொல்றாரே டாக்டர், இது சரியா?

காவேரிப்பட்டணம் பக்கத்துல இருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க, பேர் போட வேணாம்னு கேட்டுக்கிட்டதால போடல. லெட்டர் நீளம், சுருக்கி சொல்லிடறேன். வீட்டுக்காரருக்கு 39 வயசு, மாங்கா மண்டியில வேலை. ரெண்டு வருஷமா திடீர் திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, தலை வெடிக்கற மாதிரி வலி, சட்டை பிழியற அளவுக்கு வேர்வை, மூஞ்சி வெளுத்துடுது, அரை மணி நேரத்துல தானா அடங்கிடுது, அப்புறம் பிரஷர் பாத்தா 120/80. மாமியார் காத்து கருப்புன்னு மந்திரிச்சு தாயத்து கட்டியிருக்காங்க. கிளினிக்ல டென்ஷன்னு சொல்லி படபடப்புக்கு புரோப்ரனலால் மாத்திரை கொடுத்திருக்காங்க, அத போட்ட ரெண்டாம் நாள் பிரஷர் 220க்கு ஏறி ராத்திரி அட்மிட். கிட்னி கல்லான்னு ஸ்கேன் எடுத்தப்போ வலது கிட்னிக்கு மேல 4.8 செ.மீ. கட்டி. சிடி எடுத்து, 24 மணி நேர யூரின் டெஸ்ட் ரெண்டு தடவை பண்ணி (மொத தடவை நார்மல், ரெண்டாவது தடவை அஞ்சு மடங்கு!), ஆபரேஷன் பண்ணப்போற டாக்டர் "பியோகுரோமோசைட்டோமா"ன்னு எழுதி, ஒரு மாத்திரை கொடுத்து, உப்பும் தண்ணியும் நல்லா சேத்திக்க சொல்லி, ரெண்டு வாரம் கழிச்சு வாங்கன்னு அனுப்பிட்டாராம்.

அந்தம்மா கேக்கறது இதுதான்: "ரெண்டு வாரத்துல பரவிட்டா என்ன பண்றது? பிரஷர் இருக்கற மனுஷனுக்கு யாராவது உப்பு சேத்தி போட சொல்வாங்களா, அந்த டாக்டர் நெசமாவே தெரிஞ்சு தான் சொல்றாரா? பெங்களூர்ல இருக்கற கொழுந்தனார் மொதல்ல ஊசி குத்தி சதை எடுத்து கேன்சரான்னு பாக்கணும்னு சண்டை போடறார். ஒரு சுரப்பிய எடுத்துட்டா அவர் பழையபடி மூட்டை தூக்குவாரா? எங்க ரெண்டு புள்ளைங்களுக்கும் வருமா?"

அம்மா, பதில மொதல்ல சொல்லிடறேன், விளக்கத்த நிதானமா படிச்சுக்கங்க. அந்த டாக்டர் தெரிஞ்சு தான் சொல்றார். உப்பு போடுங்க. ஆபரேஷன் தேதிய முன்னாடி தள்ள சொல்லி கெஞ்ச வேணாம். ஊசி குத்தற பேச்சே எடுக்க வேணாம், கொழுந்தனார்கிட்ட இத காட்டுங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். அட்ரினல்னு ரெண்டு சுரப்பி, ஒவ்வொரு கிட்னி தலை மேலயும் ஒன்னு, ஒன்னோட எடை நாலஞ்சு கிராம் தான் இருக்கும். வெளித்தோல் மாதிரி இருக்கற பகுதி கார்ட்டிசால், ஆல்டோஸ்டிரோன் சுரக்கும், உள்பகுதி அட்ரினலின், நார்அட்ரினலின் சுரக்கும். நாய் துரத்தினா நெஞ்சு அடிச்சுக்கிட்டு வேர்க்குதே, அது இந்த உள்பகுதியோட வேலை. உங்க வீட்டுக்காரருக்கு வந்திருக்கற பியோகுரோமோசைட்டோமாங்கற கட்டி அந்த உள்பகுதியில இருந்து வந்தது, நாய் எதுவும் துரத்தாமயே அது தன் இஷ்டத்துக்கு கொட்டிக்கிட்டே இருக்கு. தலைவலி, படபடப்பு, வேர்வை, மூணும் ஒன்னா விட்டு விட்டு வந்தா இத நெனைக்கணும்னு நாங்க படிக்கறப்பவே மனப்பாடம் பண்ண வச்சிருப்பாங்க, ஆனா தினம் நூறு பேர் பாக்கற ஓபியில படபடப்புன்னு வர்றவங்கள்ல கிட்டத்தட்ட எல்லாருக்குமே இது இருக்காது, அதனால தான் இது வருஷக்கணக்கா தப்பிச்சுக்கிட்டே இருக்கு.

கிளினிக்ல கொடுத்த மாத்திரை ஏன் ஒத்துக்கலன்னு உங்களுக்கு தெரியணும், ஏன்னா இன்னொரு டாக்டர்கிட்ட போனா மறுபடி அதையே எழுதலாம். அட்ரினலின் ரத்தக்குழாய ரெண்டு விதமா ஆட்டும், ஒரு வழியில சுருக்கும், இன்னொரு வழியில கொஞ்சம் விரிக்கும். புரோப்ரனலால் அந்த விரிக்கற வழிய அடைச்சுடும், சுருக்கறது மட்டும் மிச்சம் நிக்கும், பிரஷர் எகிறிடும். அந்த மாத்திரையோ அந்த ஜாதி மாத்திரையோ வேணவே வேணாம்னு இல்ல, நெஞ்சு ரொம்ப வேகமா அடிச்சா பின்னாடி கொடுப்போம், ஆனா சுருக்கற வழிய மொதல்ல அடைச்சு சில நாள் ஆன பிறகு தான். வரிசை மாறக்கூடாது, அவ்ளோதான். வீட்ல அந்த பட்டை மிச்சம் இருந்தா தனியா எடுத்து வச்சு, இப்ப பாக்கற டாக்டர்கிட்ட காட்டி கேட்டுக்கங்க.

அவர் கொடுத்திருக்கறது பிரசோசின்னு எழுதியிருக்கீங்க, அந்த சுருக்கற வழிய அடைக்கறது இது தான். இந்த மாத்திரைய நம்ம ஊர்ல வேற ஒரு விஷயத்துக்கு நல்லாவே தெரியும், தேள் கடிக்கு. செந்தேள் கொட்டினா அந்த விஷம் உடம்புல இருக்கற அட்ரினலின் மொத்தத்தையும் ஒரே நேரத்துல கொட்ட வச்சுடும், கை கால் சில்லுன்னு ஆகி வேர்த்து கொட்டி பிரஷர் ஏறி நுரையீரல்ல தண்ணி கோத்து ஆள் போயிடுவாங்க. மஹாராஷ்டிரால மஹாட்ங்கற சின்ன ஊர்ல வேலை பாத்த டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் இதே பிரசோசின கொடுத்து உயிர காப்பாத்தலாம்னு 1980கள்ல எழுதினார், அதுக்கப்புறம் தான் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் வரைக்கும் இது வந்துச்சு, 2022ல அவருக்கு பத்மஸ்ரீ கூட கொடுத்தாங்க. ராயக்கோட்டை, பென்னாகரம் பக்கம் கல்லு பொறுக்கறப்போ தேள் கொட்டி வந்தவங்களுக்கு இந்த மாத்திரை கொடுத்தத நீங்களே பாத்திருப்பீங்க. தேள் ஒரு ராத்திரியில பண்றத இந்த கட்டி ரெண்டு வருஷமா உங்க வீட்டுக்காரருக்கு பண்ணிக்கிட்டு இருக்கு, மாத்திரை ஒன்னு தான்.

அந்த ரெண்டு வருஷத்துல தான் உப்பு விஷயம் இருக்கு. ரத்தக்குழாய் எல்லாம் எந்நேரமும் சுருங்கியே இருந்தா உடம்பு அதுக்கேத்த மாதிரி உள்ள ஓடற ரத்தத்தோட அளவையும் கொறச்சுக்கும். வெளிய பிரஷர் 200, உள்ள பாத்தா ஓடறதுக்கு ரத்தம் கம்மி. இந்த நிலையில நேரா தியேட்டருக்கு கூட்டிட்டு போய் கட்டிய எடுத்தா, சுருக்கிக்கிட்டு இருந்த சரக்கு நின்ன உடனே எல்லா குழாயும் ஒரே நேரத்துல விரியும், நிரப்ப ரத்தம் இருக்காது, பிரஷர் பாதாளத்துக்கு போயிடும். அதனால மொதல்ல மாத்திரையால குழாய கொஞ்சம் கொஞ்சமா விரிக்கணும், விரிய விரிய உள்ள நிரப்பணும். நிரப்பறதுக்கு தான் உப்பும் தண்ணியும். வழக்கமா மாத்திரை ஆரம்பிச்சு ரெண்டு மூணு நாள் கழிச்சு உப்ப கூட்ட சொல்வோம், அதுக்கு முன்னாடி இல்ல. களியிலயும் கொழம்புலயும் வழக்கத்துக்கு மேல போடலாம், மோர்ல போட்டு குடிக்கட்டும், ஊறுகாய் இருந்தா சாப்பிடட்டும், மாமியார் ஏசினா என் மேல பழிய போடுங்க. ஒன்னே ஒன்னு, இதயம் வீக்கு, கிட்னி வேலை செய்யலன்னு ஏற்கனவே சொல்லியிருந்தாங்கன்னா இந்த உப்பு கணக்கு மாறும், உங்க லெட்டர்ல எக்கோ நார்மல்னு இருக்கு, அதனால பயமில்ல. ஆபரேஷன் முடிஞ்சு கட்டி போன பிறகு இந்த உப்பு சலுகை கிடையாது, அதையும் இப்பவே சொல்லிடறேன்.

ஆக அந்த ரெண்டு வாரம் சும்மா ஒக்காந்துட்டு இருக்கற வாரம் இல்ல, அது தான் வைத்தியத்துல பாதி. 7ல இருந்து 14 நாள்னு கைட்லைன்ல இருக்கு, பிரஷர் படியலன்னா இன்னும் கூட ஆகலாம். அப்படி அவர் தள்ளி வச்சாலும் கோச்சுக்காதீங்க.

வீட்ல நீங்க பண்ண வேண்டியது: பிரஷர் மெஷின் ஒன்னு வாங்கிக்கங்க, காலையில சாயங்காலம் ஒக்கார வச்சு ஒரு தடவை, எந்திரிச்சு ரெண்டு மூணு நிமிஷம் நின்ன பிறகு ஒரு தடவை எடுத்து நோட்டுல எழுதுங்க. ஒக்காந்தா 130/80க்குள்ள இருக்கணும், நின்னா மேல் நம்பர் 90க்கு கீழ போகக்கூடாது, அது தான் நாங்க பாக்கற அளவு. மொத மாத்திரைய ராத்திரி படுக்கைக்கு போறப்போ போட்டுட்டு படுத்துடணும், நடு ராத்திரி யூரினுக்கு எந்திரிச்சா கட்டில் ஓரத்துல கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டு எந்திரிக்கட்டும், இல்லன்னா தலை சுத்தி விழுந்துடுவார். மூக்கு அடைச்சுக்கும். அடைச்சா நல்லது, மாத்திரை வேலை செய்யுதுன்னு அர்த்தம். ஆனா இங்க தான் ஒரு வில்லங்கம் இருக்கு, மூக்கடைப்புன்னு நம்மாளுங்க மெடிக்கல் ஷாப்ல சளி மாத்திரை வாங்கி போட்டுடுவாங்க, அந்த சளி மாத்திரை நெறையதுல குழாய சுருக்கற மருந்து தான் இருக்கும், நாம அவுக்கறத அது கட்டும். சளி மாத்திரை, மூக்கு சொட்டு மருந்து எதுவும் வேணாம். அதே மாதிரி வாந்தின்னு போனா மெட்டோகுளோப்ரமைட் ஊசி, கை கால் வலின்னு போனா ஸ்டீராய்டு ஊசி, ரெண்டும் இந்த கட்டிய சீண்டி விடும். ஒரு அட்டையில "அட்ரினல் கட்டி இருக்கு, டாக்டர கேக்காம எந்த ஊசியும் போடாதீங்க"ன்னு எழுதி சட்டை பாக்கெட்ல வச்சு விடுங்க. மண்டிக்கு இந்த ரெண்டு வாரம் போக வேணாம், குனிஞ்சு கிரேட் தூக்கினா வயிறு அமுங்கும், கட்டியும் அமுங்கும், அவருக்கு அந்த படபடப்பு முக்காவாசி வேலையிலயே வந்திருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. நெஞ்சு வலி, மூச்சு வாங்குது, கண்ணு மங்குது, பேச்சு கொழறுதுன்னா யோசிக்காம 108.

அடுத்தது யூரின் டெஸ்ட், எது நெசம்னு கேட்டிருக்கீங்களே. ரெண்டாவது தான் நெசம், மொதலாவது எப்படி கெட்டுச்சுன்னு உங்க லெட்டர்லயே இருக்கு: "மத்தியானம் மண்டிக்கு போயிட்டு வந்தார்". கேன் வீட்ல, ஆள் மண்டியில, நடுவுல ரெண்டு மூணு தடவை அங்கயே போயிருப்பார், அது கணக்குல வரல. இந்த டெஸ்ட்டுக்கு காலையில எந்திரிச்ச உடனே போற மொத யூரின கீழ விட்டுடணும், மணிய குறிச்சுக்கணும், அதுக்கப்புறம் போற ஒவ்வொரு சொட்டும் கேன்ல, மறுநாள் காலையில அதே மணிக்கு போறதும் கேன்ல. கேன்ல லேப்காரங்க ஆசிட் ஊத்தி கொடுத்திருப்பாங்க, அதனால நேரா அதுல போகாம ஒரு மக்ல பிடிச்சு மெதுவா ஊத்தணும், கைல பட்டா எரியும். வேலைக்கு போற நாள்ல இத பண்ணவே கூடாது. இப்ப ரத்தத்துலயே மெட்டானெஃப்ரின் (அட்ரினலின் உடைஞ்சு வர்ற சரக்கு) பாக்கறாங்க, அது சுலபம், ஆனா அதுக்கும் வெறும் வயித்துல வந்து, காபி குடிக்காம, 20 முப்பது நிமிஷம் படுத்திருந்துட்டு எடுக்கணும், ஓடி வந்து ஒக்காந்து கைய நீட்டினா பொய்யா கூடி காட்டும். லேசா கூடியிருந்தா அத நாங்க நம்ப மாட்டோம், மறுபடி எடுப்போம். உங்க வீட்டுக்காரருக்கு அஞ்சு மடங்கு, சிடியிலயும் கட்டியோட அடர்த்தி 38 யூனிட்னு போட்டிருக்கு, 10க்கு கீழ இருந்தா கொழுப்பு நெறைஞ்ச சாதா கட்டின்னு விட்டுடலாம், இது அது இல்ல. அறிகுறி, யூரின், சிடி மூணும் ஒரே பக்கம் கைய காட்டுது, சந்தேகத்துக்கு எடமில்ல.

அப்ப கொழுந்தனார் விஷயம். மார்புல கட்டி, கழுத்துல கட்டின்னா ஊசி குத்தி பாக்கறது சரி தான், அந்த பழக்கத்துல சொல்றார், அவர் மேல தப்பில்ல. ஆனா இந்த கட்டிய ஊசியால குத்தினா உள்ள இருக்கறது அத்தனையும் ஒரே மூச்சுல ரத்தத்துல எறங்கும், டேபிள்லயே ஆள் போன கதையெல்லாம் உண்டு. அது போக குத்தி பாத்தாலும் பதில் கெடைக்காது. மைக்ரோஸ்கோப்புல பாத்து இது கேன்சர், இது இல்லன்னு இந்த கட்டிய பிரிக்க முடியாது, அதனால தான் உலக சுகாதார நிறுவனம் 2017ல இதுல நல்ல கட்டி கெட்ட கட்டின்னு பிரிக்கறத விட்டுட்டு, எல்லாமே எப்பவாவது பரவற வாய்ப்பு உள்ளது தான், எடுத்துட்டு கண்காணிங்கன்னு சொல்லிடுச்சு. நெசமா பரவறது சுமாரா பத்துல ஒருத்தருக்கு, அதுவும் பல வருஷத்துல. ரெண்டு வாரத்துல ஓடிப்போற கட்டி இல்லம்மா இது, ரெண்டு வருஷமா அங்கயே தான் இருக்கு.

அட்ரினல்ல ஊசியே குத்தக்கூடாதான்னா, குத்துவோம், மெட்டானெஃப்ரின் நார்மல்னு தெரிஞ்ச பிறகு. ரெண்டு பக்கமும் வீங்கி, ஆள் எளைச்சு, பிரஷர் கொறைஞ்சு வந்தா நம்ம நாட்ல டிபியும் ஹிஸ்டோபிளாஸ்மாங்கற பூஞ்சையும் தான் மொதல்ல ஞாபகம் வரும், அதுக்கு ஆபரேஷனே தேவையில்ல, மருந்து போதும். வேற காரணத்துக்கு ஸ்கேன் எடுத்து அட்ரினல்ல கட்டின்னு ரிப்போர்ட் வந்த மத்தவங்களுக்கும் சேத்தே சொல்றேன், அதுல பெரும்பாலானது ஒன்னும் பண்ணாத சாதா கட்டி. ஆனாலும் மூணு டெஸ்ட் கேளுங்க: இந்த மெட்டானெஃப்ரின், ராத்திரி 11 மணிக்கு டெக்ஸாமெத்தசோன் ஒரு மில்லிகிராம் போட்டு காலையில 8 மணிக்கு கார்ட்டிசால், பிரஷரோ பொட்டாசியம் கம்மியோ இருந்தா ஆல்டோஸ்டிரோன் ரெனின். இந்த மூணும் பாக்காம யாரும் கத்திய எடுக்கக்கூடாது.

ஆபரேஷன பத்தி. 1926லயே சுவிட்சர்லாந்துல ரூங்கற சர்ஜனும் அமெரிக்கால சார்லஸ் மேயோங்கற சர்ஜனும் வயித்த பெருசா கிழிச்சு இத எடுத்திருக்காங்க, மாத்திரையெல்லாம் கண்டுபிடிக்காத காலம், எப்படித்தான் பொழைச்சாங்களோ. 1992ல கனடால மிஷெல் காக்னெர் கீ ஹோல் வழியா அட்ரினல எடுத்ததா எழுதினார், இப்ப அது தான் வழக்கம். 6 செ.மீ.க்கு மேல இருந்தாலோ பக்கத்துல ஒட்டியிருந்தாலோ தான் திறந்து பண்ணுவோம், உங்களுக்கு 4.8, அதனால கீ ஹோல்னு சொன்னது சரி. நடுவுல கஷ்டம்னு தோணினா திறந்துடுவாங்க, அதுக்கும் கையெழுத்து வாங்குவாங்க, பயப்படாதீங்க.

இடது பக்கம் படுக்க வச்சு, கல்லீரல மேல தூக்கி பிடிச்சுக்கிட்டு உள்ள போவாங்க. வலது பக்கத்துல என்ன சிக்கல்னா, கட்டியில இருந்து வர்ற ரத்தநாளம் ரொம்ப குட்டை, ஒரு சென்டிமீட்டர் கூட இருக்காது, நேரா உடம்புலயே பெரிய நாளத்துல போய் சேரும். இடது பக்கம்னா அது நீளமா கிட்னி நாளத்துல சேரும், கொஞ்சம் நிம்மதி. கட்டிய எவ்ளோ கம்மியா தொடறமோ அவ்ளோ நல்லது, தொட்டா மானிட்டர்ல நம்பர் ஏறும், மயக்க டாக்டர் "சார், 190, கொஞ்சம் நிறுத்துங்க"ம்பார், கைய எடுத்துட்டு நிப்போம், அவர் மணிக்கட்டு ரத்தக்குழாய்ல போட்ட ஊசி வழியா ஒவ்வொரு துடிப்புக்கும் பிரஷர பாத்துக்கிட்டு மருந்த ஏத்தி எறக்குவார், எறங்கினதும் மறுபடி ஆரம்பிப்போம். அந்த குட்டை நாளத்துக்கு கிளிப் போடறதுக்கு முன்னாடி சத்தமா சொல்லிட்டு தான் போடுவோம், ஏன்னா போட்ட அடுத்த நிமிஷம் பிரஷர் தலைகீழா எறங்கும், அவர் எறக்கற மருந்த மூடிட்டு ஏத்தற மருந்தயும் சலைனையும் திறப்பார். நீங்க வீட்ல ரெண்டு வாரம் உப்பு போட்டதோட பலன் அந்த நிமிஷத்துல தெரியும். இதுக்கு சர்ஜன் மட்டும் பழகியிருந்தா பத்தாது, மயக்க டாக்டரும் இந்த கேஸ் பாத்தவரா இருக்கணும், போறப்போ கூச்சப்படாம கேளுங்க.

எங்க பண்றதுன்னும் ஒரு வரி எழுதியிருக்கீங்க. கிருஷ்ணகிரியிலயும் தருமபுரியிலயும் அரசு மெடிக்கல் காலேஜ் இருக்கு, பிரஷர் பாக்க, எமர்ஜென்சிக்கு அங்க போங்க. ஆனா ஆபரேஷன எண்டோகிரைன் சர்ஜரின்னு தனி டிபார்ட்மென்ட் இருக்கற எடத்துல பண்றது தான் என் அபிப்பிராயம். வேலூர் சிஎம்சியில இருக்கு, சென்னையில ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில இருக்கு, அங்க செலவு பெருசா ஆகாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் இருக்கு, இந்த ஆபரேஷனுக்கு அப்ரூவல் எப்படின்னு ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுண்டர்லயே அட்மிட் ஆகறதுக்கு முன்னாடி கேட்டுடுங்க, அட்டை இல்லன்னா கலெக்டர் ஆபீஸ்ல எடுக்கலாம். கைல இருக்கற சிடி ஸ்கேன் பிலிம், அதோட டிஸ்க், ரெண்டு யூரின் ரிப்போர்ட், அந்த கெட்டுப்போன மொதலாவதும், எல்லாத்தையும் எடுத்துட்டு போங்க.

ஆபரேஷன் முடிஞ்சு ஒரு நாள் ரெண்டு நாள் ஐசியூல வச்சிருப்பாங்க, ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சு வெளிய அழுதுக்கிட்டு நிக்காதீங்க, பிரஷர் கொறையும், சுகரும் கொறையலாம், அத பாக்கத்தான். இன்னொரு பக்கத்து சுரப்பி நல்லா இருந்தா மனுஷனுக்கு போதும், ஆயுசுக்கும் மாத்திரை தேவையில்ல, ரெண்டும் எடுத்தா தான் அந்த கதை. பிரஷர் மாத்திரை நெறைய பேருக்கு நின்னுடும், சிலருக்கு ஒன்னு தொடரும். மூட்டை தூக்கறது ஒரு மாசம் ஒன்றரை மாசம் வேணாம், அதுக்குள்ள மண்டி முதலாளி சீசன்னு கூப்பிட்டா கணக்கு எழுத அனுப்புங்க.

புள்ளைங்க விஷயத்த கடைசியா வச்சதுக்கு காரணம், இது ஆபரேஷனுக்கு அப்புறம் பேசற பேச்சு, இப்பவே அத நெனச்சு தூக்கத்த கெடுத்துக்க வேணாம். இந்த கட்டி வர்றவங்கள்ல மூணுல ஒருத்தருக்கு பரம்பரை காரணம் இருக்கு, ஆர்இடி, விஹெச்எல், எஸ்டிஹெச்பின்னு பல மரபணு. அவருக்கு மொதல்ல ஒரு ரத்த டெஸ்ட், அதுல ஒன்னும் இல்லன்னா புள்ளைங்கள தொடவே வேணாம். இருந்தா அந்த ஒரு மரபணுவ மட்டும் ரெண்டு பேருக்கும் பாக்கணும், அதுல ஆர்இடின்னா தைராய்டு கேன்சரும் கூட வரும், முன்னாடியே தெரிஞ்சா முன்னாடியே எடுத்துடலாம். அவருக்கும் கழுத்த ஒரு தடவை பாக்க சொல்லுங்க. அவங்க அப்பா நாப்பத்தஞ்சு வயசுல வயக்காட்டுல திடீர்னு விழுந்து போனதா எழுதியிருக்கீங்க, அத டாக்டர்கிட்ட சொன்னீங்களான்னு தெரியல, கட்டாயம் சொல்லுங்க. ஆபரேஷன் ஆகி ஒரு மாசத்துல மெட்டானெஃப்ரின் மறுபடி எடுக்கணும், அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை, கொறஞ்சது 10 வருஷம், மரபணு இருந்தா ஆயுசுக்கும். அந்த டெஸ்ட்டுக்கு போற நாள் அவருக்கு மண்டி லீவு நாளா பாத்து வச்சுக்கங்க.